நன்யோகி வளைவில் போட்ட கூடாரம்

சைதிமுவுக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. விருந்தாளிகளுக்குச் சிங்கம் காட்டுகிற வேலையும் அவனுடையது அல்ல. இசியோலோவில், வடக்கே போகும் லாரிகள் நின்று போகிற சாலையோரம் எங்கள் முதலாளிக்கு இரண்டு அறைச் சஃபாரி அலுவலகம் ஒன்று உண்டு. அங்கே இருபத்திரண்டு வருடமாகப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவன் அவன்தான். எந்த மணலாற்றை எந்த வாரம் வண்டி தாண்டும், எந்த ஊற்றில் இன்னும் நீர் ஊறும், ஆறு பேருக்கு ஐந்து நாளைக்கு எத்தனை கேன் தண்ணீர், மாற்று டயர் எத்தனை, கூடாரம் எங்கே என்பதெல்லாம் அவன் தலையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் இறங்கும். நோட்டில் இறங்கிவிட்டால் முதலாளியே சொன்னாலும் மாற்றமாட்டான்.

நான் ஹலக்கே, அந்தப் பயணங்களுக்குச் சமையல்காரன். நான் போரானா இனம், அவன் சம்புரு. எங்கள் ஆட்கள் மாட்டுக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட வருடங்களிலும் நாங்கள் ஒரே தட்டில் உகாலிக் களி தின்றிருக்கிறோம்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாரம் முன்னால் அவன் மோட்டார் சைக்கிளில் காட்டுக்குள் போய்விடுவான். ஊற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "யானை கலக்கினது, வியாழக்கிழமைக்குள்ள தெளிஞ்சிடும்" என்பான். தெளிந்திருக்கும். அவன் மனைவி கேலி செய்வாள்: "எம் மொகத்தை மறந்தாலும் மறப்பாரு, ஒரு கல்லை மறக்கமாட்டாரு."

எட்டு வருடத்துக்கு முன்பு, மழைக்கு முந்தைய அக்டோபரில், நியேரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் கதுவோ, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மனைவி நியாக்கியோ. வாத்தியாருக்குப் பறவைப் பைத்தியம். பக்கத்தில் சிங்கம் படுத்திருந்தால் அதற்கு மேல் கிளையில் இருக்கிற குருவியைப் பார்க்கிற மனிதர். தூசி ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி இருமுவார். இரண்டு இருமல், ஒரு இடைவெளி, பிறகு இன்னொன்று.

அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "கல்கௌதாரி காலையில தண்ணி குடிக்க ஆயிரக்கணக்குல எறங்குமாமே, சைதிமு? அந்த எடத்துலயே தங்க முடியாதா?"

எங்கள் முகாம் எப்போதும் மேலே, மூன்று பெரிய பாறைகளின் அடியில்தான். கௌதாரி இறங்குவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே, நன்யோகி மணலாறு திரும்புகிற வளைவில். சைதிமு மறுப்பான் என்று நான் டீயைக் கலக்கிக்கொண்டே காத்திருந்தேன். அவன் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினான். வாத்தியார் குழந்தை மாதிரி கைதட்டினார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் வாத்தியார் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கூடாரத்திலிருந்து வந்தார். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

"டீ குடிச்சிட்டுப் போங்க வாத்தியாரே. காவல்காரர் எழுந்திரிக்கட்டும்."

"இங்கதான்யா, இந்த வளைவு வரைக்கும். வந்து குடிக்கிறேன். சக்கரையை ரெண்டு கரண்டியாப் போடு, அவ பாக்கறதுக்குள்ள."

இரண்டு கரண்டி போட்டு மூடி வைத்தேன். அவர் வரவில்லை.

செய்தி கேட்டு சைதிமு இசியோலோவிலிருந்து மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தான். பதினோரு நாள் தேடினோம். போலீஸ், வனக்காவலர்கள், ஒரு சின்ன விமானம். ஷூ தடம் மணலில் கீழ்நோக்கிப் போய், ஒரு யானைக் கூட்டம் கடந்த இடத்தில் அழிந்துவிட்டது. அதனால் எல்லோரும் கீழ்ப்பக்கமே தேடினோம். மேலே பாறை வரை ஒரு வண்டி ஒரே ஒரு முறை போய் ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பியது. நியாக்கியோ அம்மாவை ஊருக்கு அனுப்பி வைத்தபோது சைதிமு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கதவைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு அவன் போட்ட எந்தத் திட்டமும் நன்யோகி வளைவுப் பக்கம் போகவில்லை. நாற்பது கிலோமீட்டர் சுற்றிப் போக வைப்பான். இன்னொன்றையும் நான் கவனித்தேன். ஆறு பேர் போனால் ஏழு பேருக்குத் தண்ணீர் எழுதுவான். முதலாளி ஒருநாள் கத்தினார்: "யாருய்யா அந்த ஏழாவது ஆளு?" சைதிமு கேனைக் குறைக்கவில்லை.

அவன் மனைவி சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஹலக்கே அண்ணே, உங்க சிநேகிதரு பட்டப்பகல்ல யாருக்கோ பதில் சொல்றாரு. ஆடு இருமினாக்கூட எழுந்து வாசலுக்குப் போறாரு. 'வாங்க, வாங்க'ன்றாரு. எனக்குப் பயமா இருக்கு."

நான் சிரித்து மழுப்பினேன். எனக்குச் சிரிக்க அருகதை இல்லை. ஒரு பயணத்தில், மத்தியான வெயிலில், நான் மணலால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் இரண்டு இருமல் கேட்டது. ஒரு இடைவெளி. பிறகு இன்னொன்று. சிறுத்தைகூட இருமுகிற மாதிரிதான் கத்தும். ஆனால் வெயில் நேரத்தில் கத்தாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

போன வருடம் நியாக்கியோ அம்மா அலுவலகத்துக்கு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஏழு வருஷம் ஆயிடுச்சு. இனிமே செத்தவராத்தான் கணக்குன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. பிள்ளைங்க கல்லறை கட்டணும்ங்கறாங்க. பொட்டியில வைக்க ஒண்ணுமில்ல. நான் ஒரு தடவை போயிட்டு வரணும். அதே மாதிரி. அதே நாள், அதே வழி, அதே எடத்துல கூடாரம்."

"அந்த எடம் வேண்டாம்மா" என்றான் சைதிமு.

"ஏன்?"

"தண்ணி வத்திப்போச்சு."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

அவன் தலை குனிந்தான். பார்த்து ஏழு வருடம் ஆகிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்" என்றார் அந்த அம்மா.

மறுநாள் கிளம்பும்போது, "நீயும் வா" என்றான். இத்தனை வருடத்தில் அவன் துணைக்கு ஆள் கேட்டது அதுதான் முதல் முறை.

வளைவில் நான் அடுக்கிய மூன்று அடுப்புக் கற்கள் அப்படியே இருந்தன. ஆற்றில் இரண்டு மூன்று வெள்ளம் வந்து போயிருக்கும், கல் நகரவில்லை. கற்களுக்கு நடுவில் கரி கறுப்பாகவே கிடந்தது. சைதிமு மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் காலை ஊன்றி நின்றான். "ஊத்தைப் பாரு" என்றான். நான் மணலைத் தோண்டினேன். முழங்கை ஆழம் வரைக்கும் ஈரம்கூட இல்லை. அவன் சொன்ன பொய் நிஜமாகவே இருந்தது.

"பக்கத்து ஓடையில மாட்டுக்காரங்க கெணறு இருக்கு. அங்கேருந்துதான் கொண்டாரணும்" என்றான். முட்புதருக்குள் ஆறு கிலோமீட்டர் போனோம்.

அங்கே ஆட்டுக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தவள் சிலாந்தோய். வயதானவள், கழுத்து நிறைய மணி. சம்புருக்கள் தாயை அழைப்பதுபோல யேயோ என்றுதான் சைதிமு அவளை அழைத்தான்.

"யேயோ, நல்லா இருக்கியா? அடுத்த வாரம் எங்க வண்டி வருது. கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ. பாறைக்கு இவ்ளோ தூரத்துலேருந்தா சொமக்கப் போறே?"

"பாறை இல்ல. நன்யோகி வளைவுல தங்கறோம்."

அவள் கையிலிருந்த வாளி தொட்டிக்குள் விழுந்தது.

"மறுபடியும் எடத்தை மாத்துறியா? உனக்கெல்லாம் புத்தியே வராதாடா? ஒருத்தன் போனது போதாதா?"

சைதிமு ஒரு அடி முன்னால் வந்தான். "யாரு போனது யேயோ?"

அவள் ஆடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வேறு இனத்தவன் என்பது அவளைத் தயங்க வைத்தது. பிறகு, ஏழு வருடமாக அடைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"கண்ணாடி போட்டவன். உச்சி வெயில்ல வந்தான். ஒதடு வெடிச்சிருந்துச்சு. பால் குடுத்தேன், இருமிக்கிட்டே சிரிச்சான். கூடாரம் எங்கன்னு ஸ்வாஹிலியில கேட்டான். எனக்கு அவ்வளவுதான் புரிஞ்சுது. வண்டிக்காரங்க கூடாரம் எந்தக் காலத்துலயும் மேல பாறைகிட்டதானே? அங்கதான்னு கையை நீட்டிக் காமிச்சேன். தலையாட்டிட்டுப் போனான்."

"அப்புறம்?"

"அன்னைக்கே நாங்க மாட்டை ஓட்டிக்கிட்டு மலையேறிட்டோம், அந்தப் பக்கம் மழைன்னாங்க. திரும்பி வந்தப்பதான் ஒருத்தனைக் காணோம்னு போலீஸ் தேடினது தெரிஞ்சுது. பாறைகிட்ட கூடாரமே இல்லன்னும் தெரிஞ்சுது. எங் கையால பால் குடிச்சவன் செத்துட்டான்னு நான் எங்க போய்ச் சொல்றது? யார் என்னை நம்புவா?"

சைதிமு மணலில் உட்கார்ந்தான். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டான், தரை நகர்கிற மாதிரி. நிழல் ஒரு சாண் நகரும்வரை அப்படியே இருந்தான். பிறகு நோட்டை எடுத்து, "எந்தப் பக்கம் காமிச்சே?" என்று கேட்டான். அவள் காட்டினாள். அவன் ஒரு கோடு போட்டான்.

திரும்பும் வழியில், "அந்த அம்மாகிட்ட வழியை மட்டும் சொல்லு. எடம் மாத்தினதாலதான்னு நீயா எதுக்குச் சொல்லணும்?" என்றேன்.

"நீ சமையலைப் பாரு" என்றான்.

அலுவலகத்தில் நியாக்கியோ அம்மாவுக்கு எதிரே நோட்டை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னான். நான் கதவோரம் நின்றிருந்தேன். பாறை, வளைவு, தான் அடித்த வரி, சிலாந்தோய் நீட்டிய கை. ஒன்றையும் விடவில்லை.

அந்த அம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "அவர் ஆசைப்பட்டாருன்னு மாத்தினீங்க."

"ஆமாம்மா."

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"இந்தக் காட்டைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்?"

"ஆமாம்மா."

வெளியே ஒரு லாரி கிளம்பிப் போனது. "சரி" என்றார் கடைசியில். "இந்த வழியைப் போடுங்க. நான் நடக்கறேன்."

அந்தப் பயணத்துக்கு சைதிமு ஆள் கணக்கைச் சரியாக எழுதினான். முதல் முறையாகத் தானும் கூட வந்தான். வெளிச்சம் வந்ததும் கிணற்றிலிருந்து நடந்தோம். துப்பாக்கியோடு ஒரு காவலர் முன்னால், பிறகு சிலாந்தோய், நியாக்கியோ அம்மா, சைதிமு, கடைசியில் நான். யாரும் சிலாந்தோயைக் கூப்பிடவில்லை. அவளாகவே ஆடுகளை மகளிடம் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு பெண்களுக்கும் பொதுவான மொழி இல்லை. மேட்டில் ஏறும்போது ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள்.

ஐந்து கிலோமீட்டர் இருக்கும். ஒரு முள்மரத்தில் கறுப்பாக ஏதோ தொங்கியது. குரங்கு என்று நினைத்தேன். பைனாகுலர். வெயிலில் வார் வெளுத்திருந்தது. விழுந்து தொலையாதபடி வாத்தியார் அதைக் கிளையில் இரண்டு சுற்று சுற்றி மாட்டியிருந்தார். மரத்துக்குப் பின்னால் தாழ்வான பாறைக் குடைவு. அதன் நிழலில் இரண்டு ஷூவும், கண்ணாடிச் சட்டமும், கழுதைப்புலிகள் விட்டுவைத்த கொஞ்சம் எலும்புகளும் இருந்தன.

நியாக்கியோ அம்மா அழவில்லை. அந்தக் குடைவில் குனிந்து உட்கார்ந்து, அவர் பார்த்திருக்கக்கூடிய பக்கமாகப் பார்த்தார். அங்கிருந்து மூன்று பாறைகளும் தெளிவாகத் தெரிந்தன.

"சரியாத்தான் வந்துக்கிட்டிருந்திருக்காரு" என்றார்.

சைதிமு திரும்பி, முட்காட்டைப் பார்த்தபடி நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. சிலாந்தோய் தன் சுரைக்குடுக்கையைத் திறந்து, கொண்டு வந்த பாலை அந்தக் கல்லில் ஊற்றினாள். ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாள்.

போலீஸ் வேலைகள் முடிந்து நியேரியில் அடக்கம் நடந்தது. சைதிமு பஸ் ஏறிப் போய், தேயிலைத் தோட்டத்து ஓரமாக, கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். நியாக்கியோ அம்மா அவனைக் கூப்பிட்டு மண் போடச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. "ஈர மண்ணு ஹலக்கே. கையிலேருந்து உதிரவே மாட்டேங்குது" என்று மட்டும் வந்து சொன்னான். இப்போதும் அவனுக்கு அந்த இருமல் கேட்கிறதா என்று நான் விசாரித்ததில்லை. எனக்குக் கேட்டதையும் இந்த நாள்வரை அவனிடம் சொல்லவில்லை.

வேலையை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் இப்போது அவன் முன்கூட்டியே போகிற ஒரு வாரம் பத்து நாளாகிவிட்டது. ஒவ்வொரு கிணற்றுக்கும், ஒவ்வொரு மாட்டுப்பட்டிக்கும் தானே போய், "இந்தத் தடவை எங்க கூடாரம் இங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிறான். "கல்யாணப் பத்திரிகை வைக்கப் போறியா?" என்று முதலாளி சீறுகிறார். பட்டிகளில் பெண்கள் சிரிக்கிறார்கள்.

சிலாந்தோய் மட்டும் சிரிப்பதில்லை. போன மாதம் நானும் போயிருந்தேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. கூடாரம் எங்கே என்று காட்டப் பழக அவள் கையை நீட்டினாள்; சைதிமு அவள் முழங்கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டான். "இங்கயா?" என்றாள். "அங்கதான் யேயோ." "இன்னும் கொஞ்சம் இப்படியா?" "இல்ல, அப்படியேதான். சரியா இருக்கு."

நாங்கள் கிளம்பி மேடு ஏறியதும் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஆடுகள் அவளைச் சுற்றித் தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தன. அவள் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.