பொட்டு வைத்த விரிசல்

தாயில்பட்டி சோலையம்மாளின் மகள் பானுப்பிரியா எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பியதில்லை. தேங்காயைத் தட்டுவாள், பானையைத் தட்டுவாள், சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்பாள். பெண் பார்க்க வந்தவனின் மண்டையையும் தட்டிப் பார்த்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். தட்டலாமா என்று யோசித்தாள், அவ்வளவுதான்.

அந்தக் கை அரிப்புதான் அவளைப் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி ஆக்கியது. இரும்பை அறுக்காமல், உடைக்காமல், அதில் விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. ஆய்வகத்துக்கு வெளியே அவள் முதன்முதலில் சோதிக்க வந்தது திருத்தங்கல் காசிராஜன் அச்சகத்து மெஷினை. அது ஓடினால் மூன்று தெரு தள்ளி டீக்கடை டம்ளர்கள் வரிசையாக நடந்து போய்த் தாமாகவே கழுவுதொட்டியில் இறங்கும் என்பார்கள்.

பத்து நாளாக அதற்குள் கடகடவென்று ஒரு சத்தம். உருளைகளைச் சுழற்றும் ஷாப்ட்டில் விரிசல், ஓட்டினால் முறிந்து ஆளை அடிக்கும் என்று மெக்கானிக் மிரட்டிவிட்டுப் போயிருந்தார். பழைய மாடல், வேறு ஷாப்ட் கிடைக்காது. விரிசல் உறுதியானால் அச்சகத்தை மூட வேண்டியதுதான்.

மூடினால் அங்கே காலண்டர் தாள் அடுக்கும் சோலையம்மாள் மறுபடி பட்டாசு வேலைக்குத்தான் போக வேண்டும். அடுத்த அறை வெடித்தபோது தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் பிழைத்தவள் அவள். அழுது, பட்டினி கிடந்து, அம்மாவை அங்கிருந்து இழுத்து வந்தவளே பானுப்பிரியாதான். பட்டாசு ஆலையின் பழைய போர்மேன் செந்தூர்பாண்டி காலையிலேயே போன் போட்டு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் சொல்கிறேன் என்றிருந்தாள் சோலையம்மாள்.

பானுப்பிரியா ஷாப்ட்டில் இருந்த சந்தனம், குங்குமம், பத்து வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசினாள்.

“ஏ தாயி, மெஷினுக்கு மருதாணியா வைக்க?” என்றார் காசிராஜன்.

“விரிசல் இருந்தா சாயம் உள்ள இறங்கிரும் அண்ணாச்சி. மேல தொடச்சிட்டு வெள்ளைய அடிச்சா, ஒளிஞ்சது செவப்புக் கோடா வெளிய வந்துரும்.”

“எங்க வீட்டம்மா மனசுல என்ன இருக்குன்னும் அப்படியே பாத்துச் சொல்லிரேன்.”

“மொதல்ல ஒங்களுக்குப் பூசட்டும்” என்றாள் அவர் மனைவி பேச்சியம்மாள்.

சாயம் ஊறியதும் துடைத்துவிட்டு, வெள்ளை ஸ்பிரே டப்பாவை எடுக்க பானுப்பிரியா வாசலில் நின்ற வண்டிக்குப் போய்வந்தாள். அடித்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஷாப்ட்டின் வயிற்றைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு இறங்கியது.

காசிராஜன் பேப்பர் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். தாள் அடுக்கிய கை அப்படியே நிற்க, “முறிஞ்சிருமாத்தா?” என்றாள் சோலையம்மாள்.

பானுப்பிரியா துணியைக் கையில் எடுத்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லித் துடைத்துவிடலாம். ஆனால் நாளைக்கு முறியும் ஷாப்ட்டின் பக்கத்தில் நிற்பதும் இதே அம்மாதானே. லென்ஸை எடுத்துக் குனிந்தாள்.

விரிசலில் இருந்து கசியும் சாயம் நேரமாக ஆகப் பரவும். இது பரவவில்லை. கோட்டின் உச்சியில், வெள்ளைக்கு அடியில், மோதிர விரல் அகலத்துக்கு ஒரு வட்டம். விரிசலுக்கு ஏது தலை? நிமிர்ந்தாள். பேச்சியம்மாளின் வலது கை முந்தானைக்குள் இருந்தது.

“பெரியம்மா, கையக் காட்டுங்க.”

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா மெஷினு வெறும் நெத்தியோட நின்னா நல்லாவா இருக்கு? நீ வண்டிக்குப் போனப்ப ஒரே ஒரு பொட்டுதான் வச்சேன்.”

அவசரத்தில் பானுப்பிரியா அதைப் பார்க்காமலே அடித்த ஸ்பிரேயின் ஈரத்தில் குங்குமம் கரைந்து வழிந்திருக்கிறது.

“ஏட்டி! ஒத்தப் பொட்டுல கம்பெனிய மூடப் பாத்தியே!” என்று கத்திய காசிராஜனுக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

பேச்சியம்மாளின் இரண்டு கையிலும் காலண்டர் கட்டைக் கொடுத்துத் தூர உட்காரவைத்தாள் பானுப்பிரியா. மறுபடி துடைத்து, சாயம் பூசி, துடைத்து, வெள்ளை அடித்தாள். அரை மணி நேரம் ஆகியும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதுவும் போதாதென்று, ஷாப்ட்டின் ஒரு முனையில் கருவியை வைத்து, காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பினாள். மறுமுனை வரை போய்த்தான் அது திரும்பியது. நடுவில் எங்கும் தடுக்கவில்லை. கடைசியாக ஷாப்ட்டின் இரு முனையையும் தாங்கும் பேரிங்குகளைத் தட்டிப் பார்த்தாள்; ஒன்று லொடலொடத்தது.

“ஷாப்ட்டு கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. பேரிங்தான் தேஞ்சுபோய்ச் சத்தம் போடுது. அத மாத்தினாப் போதும்.”

மெஷினின் வெளி மூடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, “இனிமே இங்கன வைங்க பெரியம்மா” என்றாள். தன் ஆராய்ச்சி நோட்டில் ஒரு வரி சேர்த்தாள்: வெள்ளை அடிக்கும்வரை மெஷினைத் தனியே விடக் கூடாது, வெள்ளிக்கிழமைகளில் கண்டிப்பாக.

சோலையம்மாள் சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை. போனை எடுத்தாள். “அண்ணே, நான் வரல. எனக்கு இங்கனயே சோலி கெடக்கு.”

அப்போதுதான் பானுப்பிரியா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். அந்த மூச்சில் மூன்று தெரு தள்ளி டீக்கடையில் ஒரு டம்ளர் கவிழ்ந்ததாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.