டவுன்ஸ்வில்லில் ஒரு மலைசுற்று

1986, ஆடிப் பௌர்ணமி. காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை சேகர் காரைக் கிளப்பினார். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையிலுள்ள டவுன்ஸ்வில் நகரத்தை ஒரே நாளில் எனக்குக் காட்டிவிட வேண்டும் என்று லீவு போட்டிருந்தார். செய்யாற்றுக்காரர், சும்மா கடைக்குப் போவதற்கும் பட்டியல் எழுதுகிறவர். பின் இருக்கையில் ஏழு மாதக் கர்ப்பிணியாக என் மகள் மலர். முன்பு இரண்டு முறை கலைந்துபோனதால், இம்முறை அவள் வாயில் 'குழந்தை' என்ற சொல்லே வரவில்லை. நான் வந்து ஒன்பது நாளாகிறது. பிரசவப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அவளுக்காகப் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். என் வீடும் பள்ளிக்கூடமும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில்தான். இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை. இந்த மாதம் தவறப்போகிறதே என்று நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏழேகாலுக்குக் கடற்கரை. எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தீவு நீலமாகத் தெரிந்தது. எட்டரைக்குத் தேநீர். கோப்பை ஒரு டாலர், நம் காசுக்கு எட்டு ரூபாய். அதில் நம்மூரில் ஒரு வாரம் டீ குடிக்கலாம்.

ஒன்பது மணிக்கு ஒரு வளைவு திரும்பினோம். ஊருக்கு நட்டநடுவே செம்பாறையாக ஒரு மலை. உயரம் முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உச்சிவரை தார்ச்சாலை.

"மேல போனா ஊரே தெரியும் அத்தை" என்றார் சேகர்.

"மலை மேல கால் வைக்க மாட்டேங்க. நான் சுத்தி வந்துடறேன்."

"இங்க கோயில் ஒண்ணும் இல்லீங்களே."

"நம்மூர்லயும் கோயில் பின்னாடி வந்ததுதானே மாப்ளே. மலைதான் மொதல்ல."

அவர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். நல்ல மனிதர். செருப்பைக் காரில் விட்டு, மலை வலப்பக்கம் இருக்கும்படி நடக்கத் தொடங்கினேன். மலையோர நடைபாதை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அந்தப் பக்கம் தேவர்கள் நடப்பார்கள் என்று பழகிய கால் ஆயிற்றே, சாலையின் இடது ஓரத்தையே பிடித்துக்கொண்டது. கார் பின்னால் ஊர்ந்து வந்தது.

அங்கே அது குளிர்காலமாம். நம் தை மாதத்து வெயில் அடித்தது. மரக்கால்கள் மேல் நின்ற வீடுகள், ஒரு பழைய கல்லறைத் தோட்டம், மறுபடி வீடுகள். புடவையும் வெறுங்காலுமாக ஒருத்தி போவதைப் பார்த்து மூன்று பேர் காரை நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார்கள். ஒருவர் இறங்கி உச்சிக்குப் போகும் பாதையையே கை காட்டினார். மூவருக்கும் கும்பிடு போட்டேன்.

பதினொன்றரைக்கு, இன்னும் முக்கால் கிலோமீட்டர் இருக்கும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் காலைப் பார்த்துப் பதறி, ரப்பர் குழாயை என் பாதங்களில் பிடித்தார். பெற்ற தாய் செய்கிற வேலை அது. இவர் ஏன் இப்படி நடக்கிறார் என்று சேகரிடம் விசாரித்தார். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். கிரிவலத்தை இங்கிலீஷில் எங்கே தொடங்குவது?

கார்க் கதவு திறந்தது. மலர் இறங்கி வந்தாள்.

"என் குழந்தைக்காக அம்மா நடக்கறாங்க" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

என் இங்கிலீஷ் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் அளவுதான். அவள் சொன்னது புரிய அது போதுமானதாக இருந்தது. அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அவர் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அண்ணாமலையானுக்குச் சொல்லும் நன்றியில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

"மிச்சத்த நானும் வரேம்மா" என்றாள் மலர்.

என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். டாக்டர் குறித்த தேதி, ராத்திரியெல்லாம் உள்ளே உதைப்பது, உதைக்காத நேரத்தில் அவள் படுகிற பயம் என்று பேசிக்கொண்டே வந்தாள். நான் வாயே திறக்கவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசினால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.