எட்டுப் பேருக்கு நம்பர் போட்ட நிஷாந்தினி

முப்பத்தொன்பது வயதில் ஒருத்தி புது வேலை பழகப் போகிறாள் என்றால் வீட்டில் யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். நிஷாந்தினியின் வீட்டில் கணவன் ரமேஸ் சிரித்தான்.

"கம்ப்யூட்டர் தானா வேல செய்யும், நீ பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்ப. அதுக்கு ஒரு சம்பளமா?"

அவன் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, உயர்தரம் படித்து, கண்டியில் புடவைக் கடையொன்றில் ஆறு வருடம் பில் போட்டு, பிறகு சின்னதொரு மென்பொருள் கம்பனியில் தட்டச்சுக்குச் சேர்ந்தவள் அவள். அங்கே செய்யும் இணையப் பக்கங்களைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டபோது தானாகவே போய்க் கேட்டாள். "ஆறு மாசம் பார்ப்போம்" என்றார் முதலாளி நபீல். சரிப்படாவிட்டால் பழைய மேசையும் இல்லை. அதற்கு வேறொருத்தி வந்தாயிற்று.

வேலை இதுதான். அவள் எழுதி வைத்த கட்டளைப்படி பிரவுசர் தானே திறக்கும். பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் பேய் எழுதுவது போல மளமளவென்று விழும். பொத்தான் தானே அமுங்கும். எல்லாம் ஒழுங்கென்றால் பச்சை, எங்காவது இடித்தால் சிவப்பு.

ஐந்தாம் மாதம் பேராதனையில் ஒரு கண் கிளினிக்குக்குப் பக்கம் செய்தார்கள். வீட்டிலிருந்தே டொக்டருக்கு நம்பர் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் சோதனைக்கு 'அ', 'ஆ' என்று ஏதாவது பெயர் கொடுப்பார்கள். நிஷாந்தினி தன் லயத்து ஆட்களையே கொடுத்தாள். மேல் டிவிசன், நாலாம் லயம், அழகையா. வீட்டு இலக்கம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. பக்கம் உடனே சிவப்பைக் காட்டியது. "இத யாரும் யோசிக்கல்லயே" என்று நபீலே வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தெம்பில் இன்னும் ஏழு பேரைச் சேர்த்தாள். போன் நம்பரும் அவர்களுடையதேதான். சோதனைக்கென்று தனியாக வைத்த பக்கத்திலிருந்து யாருக்கும் செய்தி போகாது என்பது அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை எட்டும் பச்சை. சந்தோஷத்தில் வரும் வழியில் மகளுக்குச் சூடாகப் பட்டிஸ் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம், அவள் வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றும்போது லயத்திலிருந்து ரத்தினம்மா பெரியம்மா போன் எடுத்தாள்.

"ஏய் நிஷா, கண்ணு டொக்டரு சனிக்கெழம வரச் சொல்லி போனுக்குச் செய்தி வந்திருக்காம்ல? அந்தக் கம்ப்யூட்டரு வேல நீதானே பாக்குற! எனக்கு எட்டாம் நம்பரு. ஒங்க அழகையா மாமாவுக்கு ஒண்ணாம் நம்பரு, அந்தாளு தல கால் புரியாம ஆடுது. நாங்க எட்டுப் பேரும் சனிக்கெழம பேரு விழாம ஒருநாள் சம்பளம் போனா போகுதுன்னு கங்காணிகிட்ட சொல்லிட்டோம். நீ நல்லா இருப்படி மகளே."

நிஷாந்தினி தேநீரை அப்படியே வைத்துவிட்டு, தான் எழுதிய கட்டளையைப் போனில் திறந்து பார்த்தாள். சோதனைப் பக்கத்தின் இணைய விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் உண்மைப் பக்கத்தின் விலாசத்தை விட்டிருக்கிறாள். போட்டது உண்மையான நம்பர், போனது உண்மையான செய்தி.

"சத்தங்காட்டாம அழிச்சிடு" என்றான் ரமேஸ். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு மாசந்தானே இருக்கு."

அழிக்க ஒரு நிமிடம் போதும். அழித்தால் எட்டுப் பேருக்கும் 'ரத்து' என்று இன்னொரு செய்தி போகும். பெரியம்மா அதை வாசிக்கமாட்டாள். மற்றவர்கள் வாசித்தாலும் நம்பமாட்டார்கள், நிஷா சொல்லித்தானே வந்தது என்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நபீலின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முழுவதையும் சொல்லி முடித்தாள்.

நபீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யா அல்லாஹ்! அழிச்சிட்டு சும்மா இருந்திருக்கலாமே நீங்க. எனக்கு எங்க தெரியப் போகுது?"

"இருந்திருக்கலாம் சேர். ஆனா கொழுந்து பறிக்கப் போகாம பஸ் ஏறி வந்து நிப்பாங்க."

அவர் கிளினிக்குக்குப் போன் எடுத்தார். சிங்களத்தில் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கம் ஊருக்குத் திறப்பது திங்கட்கிழமைதான். அதற்கு முன் ஒருநாள் ஒத்திகை பார்க்க அவர்களே ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். எட்டுப் பேரையும் சும்மாவே பார்ப்பதாக டொக்டர் சொல்லிவிட்டார்.

"உங்கட வேலையப் பத்திப் பொறகு பேசுவோம்" என்று மட்டும் சொன்னார் நபீல்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அழகையாவின் நேரம். தாதி மூன்று தடவை ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டாள். வாசலில் நிஷாந்தினி மட்டும்தான் நின்றாள். ஒன்பதரைக்குத்தான் எல்லோரும் மொத்தமாக வந்து இறங்கினார்கள். ஆண்களுக்குச் சலவைச் சட்டை, பெரியம்மாவுக்குக் கோயில் சேலை.

"மொத பஸ்ஸே எட்டேகாலுக்குத்தானே மேலருந்து எறங்குது" என்றார் அழகையா. "இருவது வருசம் அதுல போய் வந்தவ நீ. எட்டு மணிக்கு வான்னா பறந்தா வர்றது?"

சுரீரென்றது அவளுக்கு. மெஷினுக்கு அந்த நேரமும் பச்சைதான். கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

ரத்தினம்மாவின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. இப்போதே வந்தது நல்லது, அதை வெட்டி எடுத்தால் பார்வை திரும்பும் என்று டொக்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பத்தரைக்கு நபீல் வந்தார். நிஷாந்தினி முதலில் பஸ் விஷயத்தைச் சொன்னாள். அழகையா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் எங்க நிஷாவோட தொரையா?"

"தொரையெல்லாம் இல்ல காக்கா, உங்கட தம்பி மாதிரித்தான்."

"புள்ளய வேலயில வச்சுக்குவீங்கல்ல?"

நபீல் நிஷாந்தினி பக்கம் திரும்பினார். "திங்கக்கிழம மொத வேல, உங்கட மெஷின் உண்மைப் பக்கத்துக்குப் போக ஏலாம ஒரு பூட்டுப் போடுங்க. அந்த பஸ் விஷயத்த எழுதித் தாங்க. எழுதிட்டு வாங்க, நிரந்தரக் கடிதத்துல கையெழுத்து வைக்க. ஆறு மாசத் தவணை முடியும்வரைக்கும் எனக்குக் காத்திருக்க ஏலாது."

நிஷாந்தினி பூட்டு விஷயத்தையும் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

"அதான் நெரந்தரம்னு சொல்லிட்டாருல்ல. அப்ப பல்லு டொக்டருக்கும் ஒரு நம்பரப் போட்டு விடு. இந்தத் தடவ பஸ்ஸு வந்து சேர்ற நேரத்துக்குப் பொறகு போடு."