கரிப்பொட்டு வைத்த முட்டைகள்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பெராங்குக்கு ஒரு மலாக்கா செட்டி சைக்கிளில் கடலாமை முட்டை கொண்டுவருவார். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய்; தமிழ் அந்த வம்சத்துக்கு எப்போதோ மறந்துபோனது. கூடை மணலில் பதித்த ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் கரியால் பொட்டு வைத்திருப்பார். பொட்டு மேலே இருக்கும்படியே எடுத்துக் கொடுப்பார்.

காரணம் கேட்டேன். மலாயில் சொன்னார்: “கவிழ்ந்தா உள்ள இருக்கிற குஞ்சு செத்துப்போயிரும்.”

“அவிச்சுத் தின்னப் போறதுதானே, அண்ணே?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “வீடு போய்ச் சேர்றதுக்குள்ள உங்களுக்கு மனசு மாறினா?”

பையை ஆட்டாமல் வீடுவரை நடந்தேன். மனசு மாறவில்லை, அவித்துத் தின்றேன்.

மறுவாரம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்த முட்டைகளில் அப்போதும் பொட்டு இருந்தது.