நாத்தனார் பிடுங்கிய கோரை

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் முதுகைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எட்டு வருஷம் நான் பார்த்தது அதைத்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் புல்தரை, அதன் நடுவில் குனிந்த முதுகு, பக்கத்தில் பழைய பெயிண்ட் வாளி. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது "தோட்டத்துக்கு ஆள் வச்சிருக்கீங்களா" என்று கேட்டால் நான் மறுத்ததில்லை.

புருஷன் சரக்குக் கிடங்கில் மூட்டை சரிந்து செத்த மூன்றாம் மாதம், ஒரு தகரப் பெட்டியும் பத்து வயசுப் பெண்ணுமாக வந்து நின்றாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு அண்ணன். ஆள் புல் தடுக்கிப் பயில்வான், தங்கச்சி கண் கலங்கினால் எதற்கும் தலையாட்டிவிடுவார். அதனால் நான் முந்திக்கொண்டேன். மாடியறை ஒழுகுகிறது, பெண்ணை இப்போதைக்கு விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்றேன். மாடியறை ஒழுகவில்லை. அதில் என் தையல் மெஷின் இருந்தது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று எனக்குப் பயம். இன்றைக்கு அம்மாவும் மகளும் நுழைந்தால், நாளைக்கு அந்தப் பெண்ணின் கல்யாணமும் எங்கள் தலையில்தானே விழும்.

ஆறு மாதம் பொறுத்துக் கேட்டாள். "அண்ணி, பாப்பாவ எப்ப கூட்டிட்டு வரலாம்?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் எங்கள் புல்தரையில் கோரைக் களை ஏறியிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உங்கண்ணன் அந்தக் கோரையப் பாத்துப் பாத்து நொந்து போறாரு. அத ஒழிச்சுக் குடு. மறுநாளே கூட்டிட்டு வந்துடலாம்."

பேச்சை மாற்றத்தான் அப்படிச் சொன்னேன். அவளோ மறுநாள் விடிந்ததும் களைக்கொத்தியோடு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

கோரை லேசில் போகிற ஜாதியில்லை. மண்ணுக்கடியில் கருப்புக் கருப்பாகக் கிழங்குகள், நூலில் கோத்த மணிபோல இருக்கும். மேலே பிடித்து இழுத்தால் நூல் அறுந்து ஒரு கிழங்கு கையோடு வரும், அடியில் தூங்கிக்கொண்டிருந்த மற்றதெல்லாம் முழித்துக்கொள்ளும். இது எனக்கும் முதலில் தெரியாது. ரோஜாச் செடி வாங்கப் போனபோது செடி விற்கிறவர்தான் சொன்னார். "பிடுங்கப் பிடுங்க ஒண்ணு பத்தாகும்மா. மண்ண வெட்டிச் சலிச்சாத்தான் ஒழியும்." வீடு திரும்பியபோது அவள் வாளியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

"இன்னிக்கு ரெண்டு வாளி அண்ணி."

"நல்லாப் புடுங்கு" என்றேன்.

மூன்று வருஷம் பிடுங்கினாள். வெயில் என்றும் பார்க்கவில்லை, தூறல் என்றும் பார்க்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு விடுதிக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். புல்லு சுத்தமானதும் கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடமே வந்து சொல்வாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

அவள் மக்கு என்று நான் நினைத்திருந்தது தப்பு. நாலாம் வருஷம் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி, ஒரு முழச் சதுரத்தைப் புல்லோடு பெயர்த்தாள். அடிமண்ணை வெட்டியெடுத்து, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலித்து, கிழங்கைப் பொறுக்கிவிட்டு மண்ணையும் புல்லையும் திருப்பிப் பதித்தாள். பாத்திரம், துணி, சமையல் எல்லாம் முடித்த பிறகு நாளுக்கு ஒரு சதுரம். ஒன்றரை வருஷத்தில் தரை முழுக்கச் சலித்துவிட்டாள். ஒரு மழைக்காலம் போனது. ஒரு கோரைகூடத் தலைகாட்டவில்லை.

"ஞாயித்துக்கிழமை போய் பாப்பாகிட்ட சொல்லிட்டு வரேன் அண்ணி. பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள். அண்ணனும் சரி என்றுவிட்டார். மகளுக்கென்று பூப்போட்ட படுக்கைவிரிப்பு ஒன்று வாங்கித் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு அவள் பஸ் ஏறியதும் நான் சுற்றுச்சுவருக்கு வெளியே போனேன். சாக்கடையோரம் கோரைக்கு என்ன பஞ்சம். ஒரு முந்தானை நிறையக் கிழங்கு தோண்டிவந்து, குடை நுனியால் குழி போட்டு ஒவ்வொன்றாக நட்டு, மண்ணை மிதித்துவிட்டேன். துணி காயப்போட்டாலும் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் போடுகிறவள் நான். அந்தப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. ஜாணுக்கு ஒன்றாக, நேர்கோட்டில் நட்டிருந்தேன்.

பத்து நாளில் முளைத்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். முதல் முளையைக் கண்டதும் அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு அடுத்த முளையைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். கையை விரித்து ஜாண் வைத்து அளந்தாள். வரிசை முழுக்க அளந்துகொண்டே போனாள், ஒவ்வொரு தடவையும் அவள் ஜாணுக்கு மேல் ஒரு விரல் வைக்க வேண்டியிருந்தது. எழுந்து நேராகச் சமையலறைக்கு வந்து, என் வலக்கையைப் பிடித்து விரித்து, மண் ஒட்டிய தன் கையை அதன்மேல் வைத்தாள். என் ஜாண் அவள் ஜாணைவிட ஒரு விரல் கூடுதல்.

"கோரை இப்படி வரிசையா முளைக்காது அண்ணி."

"அப்ப உன் சல்லடையில ஓட்டை இருந்திருக்கும்" என்றேன்.

அண்ணனிடம் அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் அவளைவிட அதிகமாக அழுவேன், அவர் என் பக்கம் நிற்பார், அது அவளுக்கும் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஒரு அரைமணி நேரம். அதற்குள் அவள் மறுபடி குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகும் அவள் விடுதிக்குப் போகும் ஞாயிறுகளில் ஒன்றிரண்டு தடவை நான் குடையை எடுத்தேன். இந்தத் தடவைகளில் கோணல்மாணலாக நட்டேன்.

எட்டாம் வருஷம் அந்தப் பெண் தானாகவே வந்தது. பதினெட்டு வயசு, தோளில் ஒரு பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வேலை கெடச்சிருக்கும்மா. வேற ஊரு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நாத்தனார் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு சதுரந்தான் பாப்பா" என்றாள்.

"போதும்மா. எட்டு வருஷமா இதத்தான் சொல்ற. விடுதியில எல்லாரும் லீவுக்கு வீட்டுக்குப் போவாங்க, நான் வார்டன் கூட உக்காந்திருப்பேன். ஒனக்கு நான் வேணாம். அத நேரா சொல்ல முடியாம ஒரு புல்லச் சாக்கு வச்சுக்கிட்ட." பிறகு என் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்க அத்தை. ஒரு புல்லு, எட்டு வருஷத்துல போகாதா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தால் அந்த நிமிஷமே என் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். மகள் தன்னைக் கூடவே கூட்டிப்போகுமா என்று அவளுக்குத் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்கென்னம்மா தெரியும்" என்றேன். "உங்கம்மாவுக்கு அந்தப் புல்தரைன்னா உசிரு."

பெண் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது. நாத்தனார் வாசல்வரைகூடப் போகவில்லை. சாயங்காலம் எப்போதும்போல எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.