ராஜாத்திக்குச் சொல்லாத சோதனை

எழுமலையிலிருந்து ராஜாத்தியின் தம்பி போனில் கூப்பிட்டபோது நான் திருநகரில் நம் சங்க அலுவலகத்தில் இருந்தேன். அவளுக்காக ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிவந்த மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா போயிருச்சுண்ணே" என்றான்.

இரங்கல் கூட்டத்தில் அவள் படத்துக்கு முன்னால் நின்று நல்ல வார்த்தை நாலு பேசச் சொன்னீர்கள். வாயைத் திறந்தால் எனக்கு வசவுதான் வருகிறது. அதனால் எழுதித் தருகிறேன்.

பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்றவள். புருஷன் எச்ஐவியில் போன பிறகுதான் தனக்கும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அழுது முடித்துவிட்டு நேரே, இதே நோய் உள்ள நம் சங்கத்துக்கு வந்தாள். வீடு வீடாகப் போய், நாம் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறோமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவாள். எனக்கும் அதே நோய், அதே மாத்திரை. ஒரு தடவை என் டப்பாவில் இரண்டு மிஞ்சியிருந்தன. "என்னண்ணே, ரெண்டையும் சாமிக்கு நேந்து விட்டுட்டீகளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அன்றிலிருந்து நான் ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை.

போன தை மாதம் அவள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் மேசைக்கு அந்தப்பக்கமே உட்கார்ந்திருந்தார். அவள் இமையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. இந்த நோய்க்கு இதெல்லாம் வரும் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதினார். வெளியே வந்து ராஜாத்தி சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், பிறகு பல பேரிடம் சொன்னாள்: "நம்ம ஒடம்ப இந்த ஒரு நோவுக்கே பட்டா போட்டுக் குடுத்துட்டாக. வேற நோவு வந்து குடியிருக்கக் கூடாதாம்."

மஞ்சள் காமாலை என்றால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? பச்சிலைதான். தம்பி அவளை ஊருக்குக் கூட்டிப்போய் வெறும் வயிற்றில் மருந்து குடிக்க வைத்தான். ஒரு மண்டலம் பத்தியம். உப்பு, எண்ணெய், இங்கிலீஷ் மருந்து மூன்றும் ஆகாது. அத்தனை பேருக்கும் மாத்திரை எண்ணியவள், தன் மாத்திரையை நிறுத்த மனமில்லாமல் என்னிடம் போனில் கேட்டாள். "ஒரு மண்டலந்தானே, அப்புறம் போட்டுக்கலாம்" என்றேன். சொன்னது நான்தான். அந்த மண்டலம் முடிய ஒன்பது நாள் இருக்கையில் வயிறு ஊதி, நினைவு தப்பிப் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த பிறகு அவள் பழைய காகிதங்களைத் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்த தனியார் ஆஸ்பத்திரியின் கோப்பும் அதில் இருந்தது. ரத்தத்தில் ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே, இரட்டைக் கையுறை போடவும் என்று ஒரு குறிப்பு. கத்தி பிடிக்கிறவர் கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று எடுத்த சோதனை அது. படுத்திருந்தவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூ!

கோப்பை வேறொரு டாக்டரிடம் காட்டினேன். அவள் போட்ட எச்ஐவி மாத்திரைகளில் ஒன்று ஈரலில் இருந்த அந்தக் கிருமியையும் அடக்கி வைத்திருக்கிறது, நிறுத்தியதும் அது ஒரேயடியாகக் கிளம்பியிருக்கும் என்றார். கண் மஞ்சளான அன்றே ஒரு ரத்தச் சோதனை செய்திருந்தால் நிறுத்தவே விட்டிருக்க மாட்டோம் என்றும் சொன்னார். அந்த மேசை டாக்டரை நினைத்தால் குமட்டுகிறது. கையுறைக் குறிப்பு எழுதிய கையை நினைத்தாலும் குமட்டுகிறது. பத்தியம் சொன்ன பச்சிலைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களைத் திட்டி முடித்தாலும் என் மேல் உள்ள அருவருப்பு போகவில்லை.

போன வாரம் நானும் சோதித்துக்கொண்டேன். எனக்கும் பி இருக்கிறது. இது தெரியாமல் இருந்திருந்தால் நாளைக்கு நானும் ஒரு பத்தியத்துக்குத் தலையாட்டியிருப்பேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நீங்கள் ஒவ்வொருவரும் அந்தச் சோதனைக் காகிதத்தோடு வாருங்கள். இனி டப்பாவைக் கவிழ்த்து எண்ணப்போவது நான்தான். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேலை. மண்டலம் முடிந்ததும் போடட்டும் என்று அவளுக்கு வாங்கிவந்த மாத்திரைப் பை மேசையில் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றுகூடக் குறையவில்லை.