குண்டூசிக்குக் குறி தவறாது

கல்லூரி வாலிபால் அணியில் அவளுக்குப் பெயர் குண்டூசி. ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒல்லிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெயர் வந்தது அவளுடைய சர்வீஸால். எதிர்ப்பக்கத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்தால் அதன் தலையிலேயே பந்தை இறக்குவாள் என்று அணியில் பேச்சு. எம்பி அடிக்க உயரம் போதாது. வலையோரம் நின்று தடுக்கத் தோளில் வலுவும் கிடையாது. கடவுள் ஏதோ ஞாபகத்தில் அந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டே அணியில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டாள்.

பயிற்சி நடக்கும் கூடத்தின் பின் மூலையில் ஒரு கை உடைந்த மர நாற்காலி கிடந்தது. உட்காருவதற்காக அல்ல. தினமும் பயிற்சிக்கு முன் அதன் முதுகில் சிவப்புச் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவாள் குண்டூசி. பிறகு எதிர்க்கோட்டுக்குப் போய், குறியை ஒரே ஒரு தடவை பார்ப்பாள். சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடி மூச்சு விடுவாள். மறுபடி திரும்பும்போது கையில் இருக்கும் பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டாள். குறியையே பார்த்துக்கொண்டு அடித்தால் கை பயந்துவிடும் என்பது அவள் கட்சி. அந்த நாற்காலி யாருடையது என்று கூடத்தைப் பெருக்க வருபவர் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத ஒரே ஆள், அவளுடைய கடைசி வருஷத்தில் புதிதாக வந்து சேர்ந்த விளையாட்டு அதிகாரி. மூக்குக்கு மேல் கோபம் அவருக்கு. வந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: பயிற்சி நேரத்தில் அவர் கேட்டாலொழிய யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தும்மினால்கூட முறைப்பார். அந்த முதல் நாள் காலையிலேயே தாமதமாக வந்த குண்டூசியை எல்லோர் முன்னும் நன்றாகக் காய்ச்சி எடுத்தார். பிறகு வெளியே போய் ஒரு கோப்பை டீயோடு திரும்பி வந்தார். குண்டூசி சுவரைப் பார்த்துக் கண்ணை மூடியிருந்த நேரம் அது. மூலையில் காலியாக ஒரு நாற்காலி தெரிந்தது. போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அணியில் எல்லோரும் பார்த்தார்கள். எவளும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் என்றால் சட்டம்.

பந்து நேராக நெஞ்சில் போய் விழுந்தது. டீ முழுக்கச் சட்டையில். சூடு பொறுக்காமல் எழுந்தவர் யாரையும் பார்க்கவில்லை, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு நேரே முதல்வர் அறைக்குப் போனார். காலையில் திட்டியதற்குப் பழிவாங்க வேண்டுமென்றே அடித்தாள் என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்கள்: வருஷம் முழுவதும் சஸ்பெண்ட். நாற்காலியும் அன்றே விறகுக்குப் போயிற்று.

வருஷம் முழுவதும் என்றால் அவளுக்கு ஆயுசு முழுவதும் என்று அர்த்தம். கல்லூரி முடிந்தால் எந்த அணி இந்த ஒல்லிக்குச்சியைக் கூப்பிடப் போகிறது? கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அடுத்த வாரம். அதில் ஆடினால் ஆடினது, இல்லாவிட்டால் அவ்வளவுதான். இது குண்டூசிக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

அவள் அம்மாவுக்கு ஒரு சலவைக் கடையில் வேலை. கறை எடுப்பதில் கெட்டிக்காரி. அவளுக்குத் தெரிந்த சமாதானமும் அதுதான். நேரே அதிகாரியின் அறைக்குப் போய் நின்றாள். "சார், அந்தச் சட்டையை என்கிட்ட குடுங்க. டீக்கறை காயவிட்டா பிடிச்சுக்கும். புதுசு மாதிரி துவைச்சு, தேய்ச்சுத் தரேன். பொண்ணை மன்னிச்சிருங்க."

"சட்டையை மடிச்சுக் கவர்ல போட்டு வச்சிருக்கேன்" என்றார் அவர். "அது ஆதாரம்மா. சலவைக்குப் போடுற துணி இல்ல."

அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். அடுத்த வழி, அவள் தம்பி. வக்கீல். வேலித் தகராறு, சுவர்த் தகராறு, பக்கத்து வீட்டு மரம் நம் வீட்டில் இலை உதிர்க்கிறது என்கிற தகராறு, இவற்றைத் தவிர வேறு வழக்கைத் தொட்டதில்லை. மருமகள் ஆடுவதையும் ஒரு நாள் வந்து பார்த்ததில்லை. ஆனால் அக்கா கூப்பிட்டால் ஓடிவருகிற தம்பி. நாற்காலிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மனு எழுதிக்கொண்டு வந்தார்.

அதைப் படித்ததும் குண்டூசிக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"மாமா, என்ன இது? 'மனுதாரர் இயல்பாகவே குறி பார்த்து அடிக்கும் திறன் குறைந்தவர்'னு எழுதியிருக்கீங்க?"

"பின்ன? பந்து தற்செயலா போய் விழுந்துச்சுன்னு சொல்லணும்ல? குறி வச்சேன்னு வாயைத் திறந்தா கதை முடிஞ்சது. எதைக் குறி வச்சேன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. நாற்காலியும் இப்ப இல்ல. உன் கூட்டாளிங்களும் பயந்துக்கிட்டு சாட்சிக்கு வர மாட்டேங்கறாங்க."

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் மாமா."

"ஒரு பத்து நிமிஷம் அது இல்லாத மாதிரி இரு. அப்புறம் வாழ்க்கை பூரா வச்சுக்க."

அம்மாவும் தம்பி பக்கம். குண்டூசி கையெழுத்துப் போட்டாள். ஆடப் போக வேண்டும் என்பதற்காக, ஆடத் தெரியாது என்று எழுதிக் கொடுப்பது என்ன நியாயம் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லைதான்.

போட்டிக்கு முந்தின நாள் வழக்கு வந்தது. மின்விசிறி கடகடக்கும் சின்ன அறை. நீதிபதி, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற ஒரு அம்மாள். கல்லூரி வக்கீல் கவரில் இருந்த சட்டையை மேஜைமேல் வைத்தார். வெளிர்மஞ்சள் சட்டை, முன்பக்கம் முழுக்க டீ. பின்வரிசையில் அம்மா உச்சுக்கொட்டினாள், கறை காய்ந்துவிட்ட வருத்தத்தில்.

மாமா நன்றாகத்தான் ஆரம்பித்தார். "இந்தப் பெண்ணுக்குப் பந்து எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது. கிழக்கே அடித்தால் மேற்கே போகும். அணியில் இவளைச் சேர்த்ததே ஒரு கருணைதான்." பேசப் பேச அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. "இவள் குறி வைத்தாள் என்பது, குருடன் ஊசியில் நூல் கோத்தான் என்பது போல."

குண்டூசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காது சிவந்துவிட்டது.

நீதிபதி அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே? குறி தவறித்தான் அவர் மேல விழுந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் நாளைக்கு ஆடலாம். மாமா கண்ணாலேயே கெஞ்சினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"இல்லைங்கம்மா" என்றாள் குண்டூசி. "குறி தவறல. நான் எங்க அடிக்கணும்னு நினைச்சேனோ அங்கதான் விழுந்துச்சு. அவர்தான் இடம் தெரியாம உட்கார்ந்துட்டாரு."

மாமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கல்லூரி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "ஒப்புக்கொண்டுவிட்டார், அம்மா."

"முழுசா சொல்லு" என்றார் நீதிபதி.

சொன்னாள். நாற்காலி, சாக்குக்கட்டி, சுவரைப் பார்த்து நிற்பது, யாரும் பேசக் கூடாது என்ற சட்டம், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அதற்காக நிறுத்தவில்லை. "அவர் உட்கார்ந்தது தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்க மாட்டேன். ஆனா எனக்குக் குறி தெரியாதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"கட்டுக்கதை" என்றார் கல்லூரி வக்கீல். "அப்படி ஒரு குறியே கிடையாது. அதிகாரி உட்கார்ந்தது சாதாரண நாற்காலி."

நீதிபதி நெற்றியைத் தடவிக் கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். "அன்னிக்குப் போட்டிருந்த சட்டைதானே இது? துவைச்சீங்களா?"

"தொடவே இல்லை, அம்மா. அப்படியே பத்திரப்படுத்தியிருக்கிறார்" என்றார் வக்கீல், பெருமையாக.

"திருப்பிப் போடுங்க."

குமாஸ்தா சட்டையைத் திருப்பி விரித்தார். முதுகின் நட்டநடுவில், லேசாகக் கலைந்து, சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

நீதிபதி சட்டையை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். டீக்கறையின் மையத்தில் ஒரு விரல், முதுகுக் குறியில் ஒரு விரல் வைத்தார். இரண்டு விரலும் துணிக்கு இருபுறமும் ஒன்றையொன்று தொட்டன. அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சஸ்பெண்ட் ரத்து. மாமாவின் மனுவில் 'திறன் குறைந்தவர்' என்ற வரியை நீதிபதி தம் கையாலேயே அடித்தார். வெளியே வந்ததும் அம்மா அதிகாரியிடம் போய், "இப்பவாவது குடுங்க சார், துவைச்சுத் தரேன்" என்றாள். முதல் தடவையே அவர் கொடுத்திருந்தால் நம் கையாலேயே மகளைக் கவிழ்த்திருப்போம் என்று அவளுக்கு உறைத்தபோது, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் போட்டி. விளையாட்டு அதிகாரி ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். எத்தனையோ நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மாமா முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்து, முன்வரிசையில் அக்காவோடு உட்கார்ந்திருந்தார்.

குண்டூசியின் முறை வந்தது. எதிர்ப்பக்க மூலையைப் பார்த்தாள், திரும்பினாள், மூச்சு விட்டாள், அடித்தாள். இத்தனை நாள் பந்தைத் தொடாத கை. பந்து வலையில் மோதி அவள் காலடிக்கே உருண்டு வந்தது.

கூடம் அமைதியான அந்த நேரத்தில் மாமாவின் குரல் கணீரென்று கேட்டது. "நான் எழுதினதுல என்ன தப்பு?"

சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து சிரிக்காதவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிரணிப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். அடுத்து அவள் முறை வந்தபோது மூலையைப் பார்க்கவில்லை. மாமாவை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள்.

மாமா பதறியடித்து எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப் போனார். பந்து மூலைக் கோட்டில், யாரும் தொட முடியாத இடத்தில் விழுந்தது.